வழக்கில் சிக்கிய வாயில்லா ஜீவன்

நாயைத் துன்புறுத்தியவனைப் போலீஸார் கைது செய்தார்கள் என்று செய்தி வந்தால் நாம் மகிழ்கிறோம்; மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்த நாய் என்ன ஆயிற்று என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? கைதானவன் ஜாமீனில் வீடு திரும்பி விடுகிறான். நாயோ கூண்டுக்குப் போகிறது. அதற்கு ஜாமீன் கேட்பார் யார்?

சட்டத்தின் கண்ணுக்கு அந்த நாய் 'வழக்குச் சொத்து'. களவு போய் மீட்கப்பட்ட சைக்கிள் எப்படியோ அப்படியே அதுவும். வழக்கு நீண்டால் சைக்கிள் துருப்பிடிக்கும். நாய்க்கு என்ன நேரும் என்பதை விஞ்ஞானம் அளந்து காட்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ஹென்னெஸ்ஸி என்பவரும் அவர் குழுவினரும் ஒரு காப்பகத்து நாய்களின் இரத்தத்தைப் பரிசோதித்து 1997இல் முடிவுகளை வெளியிட்டனர். அச்சத்திலும் நெருக்கடியிலும் உடலில் பெருகும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு, கூண்டுக்கு வந்த முதல் மூன்று நாட்களில் மிகுதியாக இருந்தது. பல நாய்கள் ஒருங்கே குரைக்கும் கொட்டிலில் ஓசை 100 டெசிபலையும் தாண்டுவதுண்டு. நம்மைவிடக் கூரிய செவியுடைய பிராணிக்கு அது எத்தகைய வேதனை! குட்டிகளின் நிலை இன்னும் பரிதாபம். ஏறத்தாழ மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரையில்தான் குட்டி மனிதரோடு பழகக் கற்கிறது என்று ஸ்காட், புல்லர் ஆகிய இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். அப்பருவத்தைத் தனிமையில் கழித்த குட்டி, பின்னர் மனிதரைக் கண்டாலே அஞ்சலாம். வழக்கு ஓராண்டு நீண்டால் நமக்கு அது வெறும் வாய்தா. பத்துப் பன்னிரண்டு ஆண்டே வாழும் நாய்க்கு அது ஆயுளில் ஒரு பெரும் பங்கு.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? இவ்விஷயத்தில் நாம் பிறந்த நாட்டுக்கும் படிக்க வந்த நகருக்கும் பங்குண்டு. 1861இல் கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்னும் ஓவியரின் முயற்சியால் கல்கத்தாவில் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. இந்தியாவில் இத்தகைய சங்கங்களுள் அதுவே முதலாவது. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், ராஜ்ய சபையில் தாமே ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். அரசாங்கமே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி கூறியதன் பேரில் அதைத் திரும்பப் பெற்றார். 1960ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் அதன் பயனே.

அச்சட்டத்தின் 11ஆம் பிரிவைப் பாருங்கள். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை உரிமையாளர் உலாவ விடாமல் இருப்பது குற்றம் என்கிறது அது. அப்படியானால், மீட்கப்பட்ட நாயை மாதக்கணக்கில் கூண்டில் அடைத்து வைப்பதற்கு என்ன பெயர்? உரிமையாளன் செய்தால் கொடுமை, சர்க்கார் பொறுப்பில் நடந்தால் பாதுகாப்பு என்றாகுமா?

இந்த முரண்பாட்டுக்குப் பரிகாரமும் சட்டத்திலேயே இருக்கிறது. 35ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் அப்பிராணியைச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பலாம். செலவு உரிமையாளரைச் சாரும். 2017இல் வந்த விதிகள், பிடிபட்ட பிராணியைக் கால்நடை மருத்துவர் சோதிக்க வேண்டும் என்றும், வழக்கு முடியும் வரை பிராணி நலச் சங்கத்திடம் ஒப்படைக்கலாம் என்றும் கூறுகின்றன. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவோ, வழக்குச் சொத்தைப் படம் பிடித்துப் பதிவு செய்து, பின் 30 நாட்களுக்குள் அதை என்ன செய்வதென்று கோர்ட்டு உத்தரவிட வேண்டும் என்கிறது. படமே சாட்சியாகும்போது, நாய் ஏன் கூண்டில் கிடக்க வேண்டும்?

"கடிநாயை எப்படி வெளியே விடுவது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரிட்டனில் 1991ஆம் ஆண்டின் அபாயகர நாய்கள் சட்டப்படி பிடிபட்ட நாய்கள், வழக்கு முடியும் வரை போலீஸ் கொட்டில்களில் கிடந்து வாடின. 2015இல் வந்த உத்தரவு, தடை செய்யப்பட்ட இனத்து நாயாயினும் ஆபத்து இல்லை என்று போலீஸார் கருதினால், வாய்ப்பூட்டு முதலிய நிபந்தனைகளோடு உரிமையாளரிடமே இடைக்காலத்தில் விட வழி செய்தது. ஒவ்வொரு நாயையும் தனித்தனியே ஆராய்ந்து முடிவு செய்வதே அறிவுடைமை.

நண்பர்களே! சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்ல நாய்க்கு வாயில்லை. ஆகவே இத்தகைய புகார் கொடுக்கும்போது, "நாய் எங்கே வைக்கப்படும்? மருத்துவர் பார்த்தாரா? படம் எடுத்தாயிற்றா? அதை ஒப்படைக்க மனுப் போட்டாயிற்றா?" என்று நாமே கேட்க வேண்டும். மற்றொன்றும் நம்மால் முடியும். மனிதர் ஒருவர் அருகில் அமர்ந்து மெல்லத் தடவிக் கொடுத்தால் கூண்டு நாயின் நெருக்கடி தணிகிறது என்பதையும் அதே ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அரைமணி நேரம் ஒரு காப்பகத்துக்கு அனுமதி பெற்றுச் சென்று வருவது நமக்குப் பெரிய காரியமா?