இன்ஜின் வரும் என்றால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்

சங்ககிரி, நாமக்கல் பக்கத்து லாரி சர்வீஸ் சென்டர்களின் பின்புறம் போய்ப் பாருங்கள். கேபினைக் கவிழ்த்து, இன்ஜினை இறக்கி, திறந்து கிடக்கும் குழாய் வாய்களில் பழந்துணி அடைத்து நிறுத்தியிருக்கும் வண்டிகள் கண்ணில் படும். சிலவற்றின் டயரைச் சுற்றிப் புல் முளைத்திருக்கும். எல்லாமே வாரண்டிக்குள் இருக்கும் வண்டிகள். கிராங்க் போனது, லைனர் போனது என்று கம்பெனியும் ஒப்புக்கொண்டு, இன்ஜினையே மாற்றித் தருவதாகவும் சொல்லியாகிவிட்டது. கொடுக்கத்தான் இன்ஜின் இல்லை.

‘அடுத்த வாரம் வந்துடும்ண்ணே’ என்கிறார் சர்வீஸ் அட்வைசர். ஓனரும் வாராவாரம் போன் போடுகிறார். மூன்று டியூ தவறி, ஃபைனான்ஸ்காரர் வீட்டுப் படியேறிய பிறகுதான் வழக்குப் போடலாமா என்று கேட்டு வருகிறார். கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் போனைத் திறந்து கால் லிஸ்டைக் காட்டுகிறார். அதை வைத்து எதை நிரூபிப்பது?

தட்டுப்பாட்டுக்குக் காரணம் எளிது. ஆலையில் தயாராகும் இன்ஜின் முதலில் புது வண்டிக்குத்தான் போகும். முழு இன்ஜினை டீலர்கள் பொதுவாக ஸ்டாக் வைப்பதில்லை. ஒரே கோளாறு பல வண்டிகளில் கிளம்பினால் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அது கம்பெனியின் தலைவலி, உங்களுடையது அல்ல. வாரண்டி புத்தகத்தில் இன்ன நாளுக்குள் சரிசெய்து தருவோம் என்ற வரி அநேகமாக இருக்காது. வாடகை இழப்புக்குப் பொறுப்பில்லை என்ற வரி மட்டும் பொடி எழுத்தில் தவறாமல் இருக்கும். அதைக் காட்டி டீலர் கையை விரிப்பார். ஏற்றுக்கொண்ட ரிப்பேரைக் காரணமின்றி இழுத்தடிப்பது சேவைக் குறைபாடுதான் என்று வாதிட நுகர்வோர் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் வாதத்துக்குத் தேதி வேண்டும், தேதிக்குக் காகிதம் வேண்டும்.

ஆகவே வண்டி உள்ளே போன அன்றே ஜாப் கார்டு வாங்குங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதி நீட்டினால் வாங்காதீர்கள். கிலோமீட்டர், உள்ளே விட்ட தேதி, என்ன கோளாறு என்று தெளிவாக இருக்க வேண்டும். இன்ஜினைப் பிரிக்கும்போது நீங்களோ உங்கள் டிரைவரோ பக்கத்தில் நின்று படம் எடுங்கள். ஆயில் மாற்றிய பில் ஒவ்வொன்றையும் தேடி எடுத்து வையுங்கள். ‘வெளியில ஆயில் மாத்தியிருக்கீங்க’ என்று கிளெய்மையே தட்டிவிடுவது நடக்கிற சங்கதி. அவசரப்பட்டு வெளி மெக்கானிக்கிடம் வண்டியை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வாரண்டியோடு சாட்சியமும் போய்விடும். வண்டி இன்ஷூரன்ஸ் இதற்குக் கைகொடுக்குமா என்றால், கொடுக்காது. சாதாரண பாலிசியில் இயந்திரக் கோளாறு சேராது.

கிளெய்ம் அப்ரூவல் ஆனதும் மூன்று விஷயத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். இன்ஜின் ஆர்டர் போட்ட தேதி என்ன, எப்போது வரும், வருவது புதிதா ரீகண்டிஷனா? வாயால் சொல்லும் பதில் பதிலே அல்ல. வண்டி நின்ற நாள்களை வாரண்டியில் கூட்டித் தரும்படியும் அதிலேயே கேளுங்கள். மாற்றிய பாகத்துக்குப் பழைய வாரண்டியில் மீதமிருக்கும் காலம்தான் என்பது பல கம்பெனிகளின் வழக்கம்.

பதில் வராவிட்டால் டீலருக்கும், கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கும் தனித்தனியாக நோட்டீஸ் அனுப்புங்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் அவர் மற்றவரைக் கை காட்டுவார். பதிவுத் தபால் 2025இல் விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டது. அதனால் விரைவு அஞ்சலில் பதிவு வசதியும் ஒப்புகையும் கேட்டு வாங்குங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். ஆனால் அது நீதிமன்றம் அல்ல. அங்கே நம்பர் வாங்கியதோடு கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். லாரி என்றதுமே ‘வணிக உபயோகம், வழக்கு செல்லாது’ என்று எதிர்த்தரப்பு கிளம்பும். 1995இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் நிறுவனத்துக்கும் கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பிழைப்புக்காக லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓர் ஆள் வைத்துக்கொண்டாலும் அது மாறாது. முழுக்க மற்றவர் ஓட்ட வாங்கியிருந்தால்தான் சிக்கல். எனவே ‘சுயதொழில் மூலம் பிழைப்புக்காக’ என்ற வாசகம் மனுவின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். லைசென்ஸ் நகலையும் சேர்த்து வையுங்கள். இதைச் சொல்லாமல் விட்டு அடிபடும் மனுக்கள் கொஞ்சமல்ல.

வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை கட்டணம் 1,000 ரூபாய்தான். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். இடைக்கால உத்தரவும் கேளுங்கள், அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. கெடு 2 ஆண்டு. ‘வந்துடும்ண்ணே’ என்ற பேச்சு அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது.

நான்கைந்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்த வாசல் இல்லை. 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறு என்றால் வணிக நீதிமன்றம். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காதபட்சத்தில், அங்கே போவதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு விண்ணப்பித்தாக வேண்டும். இங்கேயும் அதே ஜாப் கார்டு, அதே மின்னஞ்சல்தான் கேட்பார்கள்.

ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் எழுதுங்கள். வண்டி நிற்பதால் டியூ தானாக நிற்காது. ஜாப் கார்டு நகலோடு தவணையை மாற்றித் தரும்படி, தவறுவதற்கு முன்பே கேளுங்கள். தவறிய பிறகு கேட்டால் காது கொடுக்க மாட்டார்கள்.

ஒருவழியாக இன்ஜின் வந்து மாட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊதுபத்தி கொளுத்திச் சாவியை வாங்கிக்கொண்டு நேரே லோடுக்குக் கிளம்பிவிடாதீர்கள். இன்ஜின் நம்பர் மாறியிருக்கிறது. 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்ற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு டீலரிடமிருந்து பழைய நம்பர், புது நம்பர் இரண்டும் குறித்த கடிதமும் இன்ஜினுக்கான பில்லும் கையோடு வாங்குங்கள். வாரண்டியில் போட்டது, பில் கிடையாது என்பார்கள், விடாதீர்கள். கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் நம்பரை மாற்றுங்கள். மாற்றாமல் எஃப்.சி.க்குப் போனால் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்.