மங்கும் முகப்பு விளக்கு: பழைய ஜாவாவுக்கு வெளிச்சம் கூட்ட வழி

பெங்களூர், பீனியாவில் இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்பும் தொழிலாளிக்கு மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்குதான் வழித்துணை. அது மங்கினால் ரோட்டுப் பள்ளமும் தெரியாது. குறுக்கே வரும் ஆளும் தெரியாது.

மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-ல் வண்டி தயாரிக்கத் தொடங்கியது. 1996-ல் மூடப்பட்டது. அங்கே பிறந்த ஜாவா, யெஸ்டி வண்டிகள் இன்றும் கர்நாடகத் தெருக்களில் ஓடுகின்றன. அப்பா வாங்கிய வண்டி என்று விற்க மனம் வராமல் வைத்திருப்பவர்கள் பலர். அவர்களுடைய பொதுவான குறை, "வெளிச்சம் போதவில்லை" என்பதே.

பெரிய பல்பு போடலாமா?

உடனே ஜே.சி. ரோட்டுக்குப் போய் பெரிய பல்பு வாங்கி மாட்டுகிறார்கள். இது வீண் செலவு.

பழைய ஜாவாவின் டைனமோ 6 வோல்ட், 45 வாட். முகப்பு பல்புக்கு 35 வாட், பின் விளக்குக்கு 5 வாட் என 40 வாட் போய்விடுகிறது. மிச்சம் ஐந்தே வாட். இதில் 60 வாட் பல்பு மாட்டினால், நாற்பத்தைந்து ரூபாய் சம்பளத்தில் அறுபது ரூபாய் செலவு செய்கிற கதைதான். பற்றாக்குறை பாட்டரி தலையில் விழும். மறுநாள் காலை ஹாரன் அடிக்காது. வண்டியும் கிளம்ப மறுக்கும்.

வோல்ட் எங்கே தொலைகிறது?

6 வோல்ட் வண்டியில் 35 வாட் பல்பு ஏறக்குறைய 6 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 12 வோல்ட் வண்டியில் இதில் பாதிதான். ஆகவே தேய்ந்த ஸ்விட்சும் துருப்பிடித்த இணைப்பும் 6 வோல்ட் வண்டியைத்தான் அதிகம் பாதிக்கும்.

வழியில் 0.1 ஓம் தடை இருந்தாலே அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்துவிடும். இது பத்தில் ஒரு பங்கு. ஆனால் வெளிச்சமோ பத்தில் மூன்று பங்கு குறையும்! இழை பல்பின் குணம் அப்படி.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். எஞ்சினை நடு வேகத்தில் ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, முதலில் பாட்டரியில் அளக்க வேண்டும். பிறகு பல்பு ஹோல்டரின் இரு முனைகளில் அளக்க வேண்டும். கால் வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குற்றம் வயரிங்கில். பாட்டரியிலேயே 7 வோல்ட்டை நெருங்காமல் 6-லேயே நின்றால், டைனமோவின் கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர், ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

வேலை தொடங்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

முதலில் எர்த். பல வண்டிகளில் முகப்பு விளக்கின் எர்த், ஹாண்டில்பார் பேரிங் வழியாகத்தான் சேஸிஸுக்குப் போகிறது. நடுவே கிரீஸும் துருவும். ஹோல்டரிலிருந்து பாட்டரியின் எர்த் முனைக்குத் தனி வயர் இழுத்தாலே பாதி நோய் தீரும்.

இரண்டாவது, இணைப்புகளையும் ஸ்விட்ச் முனைகளையும் மெல்லிய உப்புத்தாளால் சுத்தம் செய்ய வேண்டும்.

மூன்றாவது ரிலே. பாட்டரியிலிருந்து கனமான வயரில், பாட்டரி அருகிலேயே ஃபியூஸ் வைத்து, ரிலே வழியாக பல்புக்கு நேரே மின்சாரம் கொடுக்கலாம். பழைய ஸ்விட்ச் ரிலேயை இயக்கினால் போதும். பளுவைச் சுமக்க வேண்டியதில்லை. 'ஹை'க்கு ஒன்று, 'டிம்'முக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். 6 வோல்ட் ரிலே என்று கேட்டு வாங்க வேண்டும். 12 வோல்ட் ரிலே இங்கே இழுக்காது.

ரிஃப்ளெக்டரைத் துணியால் அழுத்தித் துடைக்கக் கூடாது, பூச்சு உரிந்துவிடும். கறுத்துப்போனால் மாற்றுவதே நல்லது.

எல்.இ.டி. பல்பு குறைந்த வாட்டில் எரியும். ஆனால் 6 வோல்ட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். பழைய ரிஃப்ளெக்டரில் ஒளி சிதறினால் எதிரே வருபவர் கண் கூசும். சுவரில் அடித்துப் பார்த்து, 'டிம்' ஒளி மேலே ஏறாதபடி திருப்பி வைப்பது கடமை.

இத்தனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். திங்கட்கிழமை இரவு ஷிப்ட் விட்டு வரும்போது பள்ளம் பத்தடி முன்னதாகவே தெரிந்தால், செலவழித்த காசு திரும்பி வந்த மாதிரி.