குருவியின் குலமுறை

இந்துமகா சமுத்திரத்திலுள்ள சேஷெல்ஸ் தீவுக்கூட்டத்தில், தென்னை பயிரிடுவதற்காகக் காட்டை இழந்த கஸின் என்னும் சிறு தீவில், 1960களில் முப்பதுக்கும் குறைவான கதிர்க்குருவிகளே உயிரோடிருந்தன. அந்த ஜாதிக் குருவி உலகில் வேறெங்கும் எஞ்சவில்லை. 1968இல் சர்வதேசப் பறவைப் பாதுகாப்புக் கவுன்சில் அத்தீவை விலைக்கு வாங்கி, இயற்கைக் காடு மீண்டும் வளர இடங்கொடுத்ததன் பயனாக, 1980களில் அவை முந்நூறுக்கு மேல் பெருகின. பின்னர் அவற்றின் கால்களில் வர்ண வளையங்கள் பூட்டி, எது எதனோடு கூடு கட்டியது என்று ஆராய்ச்சியாளர்கள் வருஷந்தோறும் குறித்துவந்தார்கள். ஆனால், இரை ஊட்டுகிறவன்தான் தகப்பன் என்பதற்குக் கண்ணால் கண்டது மட்டும் போதிய சாட்சியாகுமா?

அதற்குத்தான் மரபணுக் குறியீடுகள் வேண்டியிருந்தன. டி.என்.ஏ. இழையில் இரண்டு மூன்று எழுத்துகளே கொண்ட ஒரு துணுக்கு, ஜபம் செய்வதுபோல் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. அவற்றுக்கு மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். எத்தனை முறை வருகிறது என்பது பறவைக்குப் பறவை மாறும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகக் குஞ்சு அந்த எண்ணிக்கையைப் பெறுகிறது. இத்தகைய பல இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் பெற்றோர் யாரென்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

அவ்விடங்களைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். டி.என்.ஏ.யைத் துண்டுகளாக வெட்டி, ஜபம் வரும் துண்டுகளைப் பொறுக்கி, இருபுறமும் உள்ள எழுத்து வரிசையைப் படித்து, அதற்குப் பொருந்தும் பிரைமர்கள் என்னும் சிறு டி.என்.ஏ. இழைகளைச் செய்து, பல பறவைகளிடம் பரிசோதித்து, எல்லாவற்றிலும் ஒரேமாதிரி இருப்பவற்றைத் தள்ளிவிட வேண்டும். (பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, நமக்கு இல்லை, ஆகையால் இறக்கையின் ரத்தக்குழாயிலிருந்து எடுத்த ஒரு துளி ரத்தமே போதும்.) ஒரு பிடியளவாகக் குறைந்து பிழைத்த இக்குருவிகளிடமோ மரபு வேற்றுமையே சொற்பம், தள்ளுபடியாகிறவை அதிகம். அப்படியும் 2000ஆம் ஆண்டில் வெளியான குறியீடுகளிற் பல, வேறு பாடும் பறவைகளுக்கும் பொருந்தின.

வெளிப்பட்ட உண்மை விசித்திரமானது. குஞ்சுகளில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது, கூட்டைக் காக்கும் ஆணுக்குப் பிறந்தவையல்ல. குஞ்சு வளர்ப்பதில் வெறும் உதவியாட்கள் என்று கருதப்பட்டிருந்த இளம் பெண் குருவிகளும் அதே கூட்டில் சொந்த முட்டை இட்டுவந்தன. தியாகம் என்று நாம் மெச்சியதில் சுயலாபமும் இருந்திருக்கிறது!

1876க்கும் 1940க்கும் இடையில் சேகரித்து அருங்காட்சியகங்களில் வைத்திருந்த இக்குருவிகளின் பாடம்செய்த உடல்களோடு பிற்காலக் குருவிகளை ஒப்பிட்டபோது, மரபு வேற்றுமையில் நான்கில் ஒரு பங்கு மறைந்துபோனது தெரிந்தது. 2004இல் அதே தீவுக்கூட்டத்திலுள்ள டெனிஸ் தீவில் குடியேற்றிய 58 குருவிகளின் சந்ததியில் மிச்சமுள்ளதாவது குறையாமல் நிற்கிறதா என்று கணக்குப் பார்க்கவும் இக்குறியீடுகளே உதவின.