நிலவை ஆசை தீரப் பாருங்கள்... சூரியனை?

"டாக்டர், புஸ்தகத்தைப் பிரிச்சா எழுத்துக்கு நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி தெரியுது. கண்ணைக் கசக்கினாலும் போக மாட்டேங்குது. ஏதாவது மூலிகைச் சாறு விடலாமா?"

விருத்தாசலத்தில் என் கிளினிக்குக்கு வந்த ஓர் இளைஞர் இப்படிக் கேட்டார். வலி இல்லை, கண் சிவக்கவும் இல்லை. விசாரித்ததில், சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி போயிருக்கிறார். பெரிய லென்ஸ் மாட்டிய கேமராவில் கண்ணை வைத்து, சூரியன் இறங்க இறங்க வெகுநேரம் பார்த்துப் படம் எடுத்திருக்கிறார்!

பௌர்ணமியன்று சூரியனும் சந்திரனும் பூமிக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், ஒன்று மறையும் நேரத்தை ஒட்டி மற்றொன்று உதிக்கும். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் இரண்டு பக்கமும் கடல் இருக்கும் குமரிமுனையில் அந்தக் காட்சியின் அழகே தனி! விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவர் சிலையும் சேர்ந்துகொண்டால் யாருக்குத்தான் படம் எடுக்கத் தோன்றாது?

ஆபத்து எங்கே?

எங்கள் ஊர் பீங்கான் சூளையின் வாயை நேராக உற்றுப் பார்த்தால் கண் கூசும். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வோம். மாலைச் சூரியனோ சிவந்து, சாதுவாகத் தெரியும். ஆனால் லென்ஸ் ஒளியைத் திரட்டி விழித்திரையின் மையத்தில் குவிக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் புரியும்: நடுவில் கரும்புள்ளி, நேர்க்கோடு வளைந்து தெரிவது, நிறம் மங்குவது.

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: இதற்கு இலைச்சாறு, தாய்ப்பால், தேன் எதையும் கண்ணில் விடாதீர்கள். பொன்னாங்கண்ணிக் கீரை உடம்புக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அது சூரியனைப் பார்க்கக் கவசம் ஆகாது. உடனே கண் மருத்துவரிடம் போங்கள். பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே சரியாகும். சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

என்ன செய்யலாம்?

* சூரியனைக் கேமராவின் கண் துளை வழியாகவோ பைனாகுலரிலோ பார்க்காதீர்கள். திரையில் பார்த்து எடுங்கள். சாதாரணக் கூலிங்கிளாஸ் காப்பாற்றாது.

* நிலவொளியால் கண்ணுக்குக் கெடுதல் இல்லை. பௌர்ணமிக்கு முதல் நாள் போய்ப் பாருங்கள். நிலவு தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிப்பதால், முதல் நாள் சூரியன் மறையும் முன்பே வந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போதே நிலவும் பாறையும் சேர்ந்து படத்தில் விழும்.

* கண் வானத்தில் இருக்கும்போது காலை மறந்துவிடுகிறோம். பாசி படர்ந்த ஈரப் பாறையில் ஏறாதீர்கள். கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரப் புயலால் திடீரென அலை எழும். 'கள்ளக்கடல்' என்பது இதைத்தான். 2024 மே 6 அன்று, கடல் சீற்ற எச்சரிக்கை இருந்த நேரத்தில், குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை கொண்டுபோனது. எச்சரிக்கை இருந்தால் கரையோடு நின்றுவிடுங்கள்.

அந்த இளைஞரைக் கண் மருத்துவரிடம் அனுப்பினேன். மூன்று மாதத்தில் புள்ளி வெகுவாக மங்கியது, முழுசாகப் போகவில்லை. போன வாரம் வந்தவர், "மறுபடி குமரிக்குப் போறேன் டாக்டர். இந்தத் தடவை நிலா மட்டும்தான்" என்றார்.

நல்லபடியாகப் போய் வரட்டும்!