எருது மலையும் சாதிக் கயிறும்

'பொறப்பே அப்படி, பள்ளிக்கூடம் என்ன செய்யும்?' ராதாபுரம் டீக்கடையில் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதைப் பற்றிய பேச்சு.

பழைய சீனாவிலும் இதே வழக்குதான். கற்பிப்பதில் குல வேறுபாடு கூடாதென்றவர் கன்ஃபூசியஸ் (கி.மு. 551–479). (அவருடைய மாணவர் வரிசையில் பெண் ஒருத்தியும் இல்லை என்பது வேறு கதை.) அவர் வழிவந்த ஷுன்ட்ஸுவுக்கு மனித இயல்பே தீயது, கோணல் மரத்தை ஆவி காட்டி நிமிர்த்துவதுபோல ஆசிரியரும் ஒழுங்குமுறையும் அதைத் திருத்தவேண்டும். 2024இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தவற்றில் ஒன்றான கயிற்றுத் தடையை இந்த வகையில் சேர்க்கலாம். தேவைதான், மறுக்கவில்லை.

ஷுன்ட்ஸுவுக்கு முந்தைய மென்சியஸ், மொட்டையாய்க் கிடக்கும் எருது மலையைக் காட்டுகிறார். ஒருகாலத்தில் அடர்ந்த மரங்கள். பெருநகரம் பக்கத்தில் இருந்ததால் தினமும் கோடரி விழுந்தது. இரவில் துளிர்த்ததைப் பகலில் ஆடுமாடு மேய்ந்தது. பார்க்கிறவர்கள் அங்கே மரமே இருந்ததில்லை என்கிறார்கள். 'பொறப்பு' என்ற சொல் செய்கிற வேலையும் இதுதான்: கோடரியை மறைக்கிறது. பள்ளி வாசலில் அவிழ்க்கும் கயிறு, கோயில் கொடையில் மறுபடி கையில் ஏறுகிறது.

'அண்ணாச்சி, பயலுக்கு மொதக் கயித்த கட்டிவிட்டது யாரு?' என்றேன். டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்து போனார்.