காரைக்குடி தந்த சினிமா – 7: முதல் வெற்றி யாருடையது?

1947 பொங்கலுக்கு வந்த 'நாம் இருவர்' படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாரதி பாடல்களையும் டி.கே. பட்டம்மாளின் குரலையும் குமாரி கமலாவின் ஆட்டத்தையும் சொல்லாமல் விடுவதில்லை. தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஏ.வி. மெய்யப்பன் எடுத்த படம் என்ற பெருமையும் நம் ஊர்க்காரர்களுக்கு உண்டு. அதே படத்தில் கமலாவுக்காகக் காந்தியைப் பற்றிய 'மகான் காந்தி மகான்' பாட்டைப் பாடிய எம்.எஸ். ராஜேஸ்வரியின் பெயர் மட்டும் அந்தப் பேச்சில் கடைசியாக வரும். பல சமயம் வராமலே போகும். 1946-இல் 'விஜயலட்சுமி' படத்தில் பாட வந்த அந்தப் பதின்வயதுப் பெண்ணைத் தமிழ்நாடு கேட்கத் தொடங்கியது இந்தப் பாட்டால்தான். அந்த முதல் வெற்றியில் முதலாளிக்கும் காலத்துக்கும் நாம் கொடுக்கும் பங்கைக் குரலுக்குக் கொடுக்கவில்லை என்பதே என் வாதம்.

குரலின் விலையை நன்றாக அறிந்தவர் மெய்யப்பனேதான். சினிமாவுக்கு முன்பே அவர் இசைத்தட்டு வியாபாரி. காரைக்குடிக் கடையில் கிராமபோன் தட்டு விற்றுப் பழகியவர், சென்னையில் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தினார். எந்தக் குரலைக் கேட்டு ஜனங்கள் காசை எடுத்து வைக்கிறார்கள் என்பதைக் கடையில் நின்று பார்த்தவர். தமிழில் பின்னணிக் குரலை முதலில் பயன்படுத்திய படமாகச் சொல்லப்படும் 'நந்தகுமார்' (1938) அவருடையது. 'ஸ்ரீவள்ளி'யில் (1945) கதாநாயகி ருக்மிணியின் பாட்டு திருப்தி தரவில்லை என்று பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்துக் குரலை மாற்றினார். முகம் அப்படியே இருக்க, குரலுக்காக மட்டும் மறுபடி பணம் செலவழித்த மனிதர், பாட்டின் வெற்றி எதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவாக என்ன சாட்சி சொல்லியிருக்க முடியும்?

அந்தப் பாட்டைப் பாடகி வெற்றியாக்கவில்லை, 1947 என்ற ஆண்டுதான் ஆக்கியது என்று சிலர் சொல்லக்கூடும். விடுதலை வாசலில் நின்ற நேரத்தில் காந்தியைப் பற்றி யார் பாடியிருந்தாலும் ஓடியிருக்கும் என்பது அவர்கள் கட்சி. பாதி உண்மைதான். ஆனால் 'களத்தூர் கண்ணம்மா' வந்த 1960-இல் அந்த வேகம் இல்லை. சிறுவன் கமல்ஹாசனுக்கு அம்மாவையும் அப்பாவையும் முருகனிடம் தேடும் பாட்டு வேண்டியிருந்தபோது, ஏவி.எம். போய் நின்றது அதே ராஜேஸ்வரியிடம். 1965-இல் 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் குட்டி பத்மினிக்கும் அவர்தான். காலம் மாறிய பிறகும் பலித்த குரலைக் காலத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

கடல் கடந்தும் இதே கதைதான். 'நாம் இருவர்' வந்த அதே 1947-இல் நியூயார்க்கில் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் தொடங்கியது. 1949-இல் ரூத் பிரவுன் என்ற கறுப்பினப் பாடகி அங்கே பாடிய முதல் தட்டு 'சோ லாங்' வெற்றி பெற்றது. கறுப்பர் இசைக்கு அதுவரை இருந்த இழிவான பெயரை எடுத்துவிட்டு, பில்போர்டு இதழ் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று பட்டியல் போடத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். ரூத் கட்டிய வீடு என்றே அந்தக் கம்பெனியைச் சொல்வார்கள். அந்த வீட்டைக் கட்டியவர் பின்னாளில் வீட்டு வேலை செய்தார், பள்ளிப் பேருந்து ஓட்டினார். தமக்கு வரவேண்டிய ராயல்டிக்காகப் பல ஆண்டு போராடி, 1980-களின் கடைசியில்தான் தீர்வு கண்டார்.

முதலாளி பணம் போடாவிட்டால் குரல் எங்கே பதிவாகியிருக்கும் என்ற கேள்வியும் வரும். அதை நான் மறுக்கவில்லை. போர்க்காலத் தட்டுப்பாடு தீராத நாளில் சென்னையை விட்டு இங்கே வந்து படம் எடுத்தது பெரிய துணிச்சல். தம்மிடமிருந்த பாரதி பாடல் உரிமையை 1949-இல் காசு வாங்காமல் அரசிடம் கொடுத்தவரும் மெய்யப்பன்தான். அவரைக் குறைசொல்ல இங்கே இடமில்லை. குறை சட்டத்தில் இருந்தது. பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஏட்டளவிலாவது உரிமை இருந்த நாட்டில், பாடியவருக்கு அதுவும் இல்லை. பாடகருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று நம் பதிப்புரிமைச் சட்டம் தெளிவாகச் சொன்னது 2012 திருத்தத்தில். காந்தி பாட்டு பதிவாகி அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து! ராஜேஸ்வரி 2018 ஏப்ரலில் காலமானார்.

சட்டம் தாமதித்ததை இனி மாற்ற முடியாது. நம் கையில் இருப்பதையாவது செய்யலாம். செட்டிநாட்டு வீடுகளின் பரண்களில் பழைய தட்டுகள் இன்னும் கிடக்கின்றன. வீடு பிரிக்கும்போது அவை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குத் தூணோடும் நிலையோடும் சேர்ந்து போய்விடுகின்றன. விற்பதற்கு முன் ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒட்டியிருக்கும் தாளைப் படித்து, பாட்டு, படம், பாடியவர் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்துவிடுங்கள்.