‘எக்ஸ் பார்ட்டி’ விருந்து அல்ல!

கோர்ட்டு பாஷையில் லத்தீன் சொற்கள் ஏராளம். எல்லாம் நமக்கு வேண்டாம்; ஒன்றை மட்டும் அவசியம் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். அது ‘எக்ஸ் பார்ட்டி’. ‘ஒரு தரப்பிலிருந்து’ என்று பொருள்.

எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு, கணவர் போட்ட விவாகரத்து வழக்கில் சம்மன் வந்தது. அதை அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்துவிட்டாள். “நான் போகலேன்னா கேஸ் தானா நின்னுடாதாக்கா?” என்றாள்.

நிற்காது, சகோதரிகளே! சம்மன் கிடைத்தும் வராவிட்டால், வந்தவரின் சாட்சியத்தை மட்டும் கேட்டு நீதிபதி தீர்ப்பு சொல்லிவிடலாம். அதுதான் எக்ஸ் பார்ட்டி தீர்ப்பு. தகுந்த காரணம் இருந்தால் அதை ரத்து செய்யக் கோரி 30 நாளுக்குள் மனுப் போடலாம். சம்மனே முறையாகக் கிடைக்காதவர்களுக்கு, தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள்.

“வக்கீலுக்குப் பணம்?” என்று கண் கலங்கினாள். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட்டு வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு அழைத்துப் போனேன். வாய்தா தேதியில் வக்கீலோடு ஆஜரானாள்.

இதே சொல் நமக்குத் துணையாகவும் வரும். வீட்டில் அடி, உதை என்றால், 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, எதிர்த் தரப்பு வருமுன்பே மாஜிஸ்திரேட் எக்ஸ் பார்ட்டியாக இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு தரலாம்.

ஆகவே சம்மன் வந்தால் பயந்து ஒளிக்காதீர்கள். முதலில் தேதியைக் காலண்டரில் குறியுங்கள்!